உள்ளங்கை ஈ.சி.ஜி. கருவியும் அம்மாவின் நினைவும்: ஏழு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மொரீசியஸின் வாக்குவாவில் எங்களோடு வாழும் என் அம்மாவுக்கு வயது 79. இந்த ஆண்டு தைப்பூசக் காவடி முடிந்த நாளில், வழக்கம்போல் அவருடைய மேற்பார்வையில் ஏழு கறி சமைத்து வாழை இலையில் பரிமாறிக்கொண்டிருந்தபோது, பூசணிக்காய்க் கறிக்கு உப்புப் போட்டாயிற்றா என்று என் மனைவியிடம் கால் மணி நேரத்துக்குள் மூன்று முறை கேட்டார். வயதானால் வரும் மறதிதானே என்று அன்று நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான வழக்கமான பரிசோதனைக்குச் சென்றபோது, எங்கள் குடும்ப மருத்துவர் அவருடைய மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் நாடி பார்த்துவிட்டு, துடிப்பு இடையிடையே ஒழுங்கு தவறுவதாகச் சொன்னார். உள்ளறைக்கு அழைத்துச் சென்று எடுத்த ஈ.சி.ஜி. இயல்பாகவே இருந்தது. வந்து வந்து போகும் கோளாறு என்றால் அது இருக்கும் வேளையில் பதிவு செய்தால்தான் பிடிபடும் என்றும், வீட்டிலேயே பதிவு எடுக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி வைப்பது நல்லது என்றும் அவர் கூறினார். அப்படித்தான் மார்ச் மாதத்தில் ரோஸ்ஹில்லில் உள்ள ஒரு மருந்தகத்தில் 6,500 மொரீசியஸ் ரூபாய் கொடுத்து இந்தக் கருவியை வாங்கினேன்.

கருவியின் வணிகப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இதே அமைப்பில் இதே வேலையைச் செய்யும் கருவிகளைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. இந்த வகைக் கருவி ஒரு முதியவருக்கு எந்த அளவுக்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதே என் அக்கறை. அரசுப் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற நான் மருத்துவன் அல்லன். ஆனாலும் அம்மாவுக்காக இந்த ஏழு மாதத்தில் படித்தவற்றையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்தவற்றையும், நாள்தோறும் கண்டவற்றையும் இயன்றவரை சரிபார்த்தே எழுதுகிறேன்.

கருவி ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் நீளமும் அகலமும் கொண்ட மெல்லிய தட்டு. அதன் மேற்பரப்பில் இரண்டு உலோகப் பட்டைகள் உள்ளன. வலக்கை விரல்களை ஒன்றின்மீதும் இடக்கை விரல்களை மற்றொன்றின்மீதும் மெதுவாக வைத்து, 30 வினாடி அசையாமல் இருந்தால், கைப்பேசித் திரையில் இதயத்தின் மின்னோட்டக் கோடு ஓடத் தொடங்கும். முடிந்ததும் 'இயல்பு', 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம்', 'வகைப்படுத்த இயலவில்லை' என்ற மூன்றில் ஒன்று தோன்றும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு. இரு கைகளுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டை அளக்கும் இந்த முறை புதியது அன்று. நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு ஈ.சி.ஜி.யை உருவாக்கியபோது, நோயாளியின் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர் நிரம்பிய தொட்டிகளில் வைக்கச் செய்து இதையே அளந்தார். அதற்காக 1924ஆம் ஆண்டின் நோபல் பரிசும் பெற்றார். ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த பொறியின் ஒரு பகுதிதான் இன்று சட்டைப்பைக்குள் வந்திருக்கிறது. ஒரு பகுதி மட்டுமே என்பதை வாங்குபவர் மறக்கக் கூடாது. மருத்துவமனையில் நெஞ்சிலும் கைகால்களிலும் மின்முனைகளைப் பொருத்தி எடுக்கும் ஈ.சி.ஜி. இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களிலிருந்து பார்க்கிறது. இந்தத் தட்டு ஒரே ஒரு கோணத்திலிருந்து பார்க்கிறது. ஆகவே துடிப்பின் ஒழுங்கை இதில் நன்றாகக் காணலாம். மாரடைப்பு வந்திருக்கிறதா இல்லையா என்பதை இதைக் கொண்டு முடிவு செய்யவே கூடாது. நெஞ்சு வலிக்கும்போது இதில் 'இயல்பு' என்று வந்தாலும் உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

முதல் மூன்று வாரம் எங்களுக்குச் சோதனையாகவே கழிந்தது. அம்மாவின் விரல்கள் உலர்ந்து சுருங்கியவை. பல்லாண்டுகள் பாத்திரம் கழுவியும் துணி துவைத்தும் தேய்ந்தவை. தட்டு அவற்றை உணரவே மறுத்தது. ஐந்தோவனின் உப்புநீர்த் தொட்டியைப் பற்றிப் படித்த பிறகுதான், ஈரத் துணியால் விரல் நுனிகளை ஒற்றிவிட்டு வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அன்றிலிருந்து பதிவு தெளிவாக வருகிறது. ஜூன் மாதம் பிறந்து வாக்குவாவில் குளிர் இறங்கியதும் அடுத்த சிக்கல் வந்தது: குளிரில் கை நடுங்கினால் தசையின் மின்னலைகளும் பதிவில் கலந்துவிடுவதால், கோடு முழுவதும் முள்ளும் புதருமாகி 'வகைப்படுத்த இயலவில்லை' என்று முடிந்துவிடும். கம்பளியைப் போர்த்தி, வெந்நீர்க் கோப்பையைச் சற்று நேரம் பிடித்திருக்கச் செய்து, முழங்கைகளை மேசைமீது ஊன்றவைத்து எடுத்தால் சரியாகிறது. கையேட்டில் இவை எதுவும் இல்லை. செயலியிலும் கையேட்டிலும் ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டுமே உள்ளன. தமிழும், எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலும் இல்லை. அம்மாவால் தனியாக இதை இயக்க முடியாது. வீட்டில் உடனிருந்து உதவ ஒருவர் இல்லாத முதியவருக்கு இதை வாங்கிக் கொடுப்பதில் பொருளில்லை.

ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை, காப்பி குடித்த பிறகு எடுத்த பதிவில் முதன்முறையாக 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம்' என்று வந்தது. அம்மாவுக்கு மூச்சு வாங்கவில்லை, மயக்கம் இல்லை, நெஞ்சு படபடப்பு என்றும் எதுவும் சொல்லவில்லை. பத்து நிமிடம் கழித்து மீண்டும் எடுத்தேன்; அதே முடிவு. மாலையில் எடுத்தபோது இயல்பாகிவிட்டது. மூன்று பதிவுகளையும் குடும்ப மருத்துவருக்கு அனுப்பினேன். மறுநாள் அவர் தம் மேசையில் அந்தக் கோட்டை விரித்து வைத்து எனக்குக் காட்டிய இரண்டு அடையாளங்களை இங்கே சொல்கிறேன், ஏனெனில் கருவியின் தீர்ப்புச் சொல்லைவிட இவையே முக்கியமானவை. இயல்பான துடிப்பில், உயர்ந்து நிற்கும் ஒவ்வொரு கூர்முனைக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கும். இதயத்தின் மேலறைகள் ஒன்றாகச் சுருங்குவதன் அடையாளம் அது. அம்மாவின் காலைப் பதிவுகளில் அந்த மேடு இல்லை. கூர்முனைகளுக்கிடையே உள்ள இடைவெளியும் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல், நீண்டும் குறுகியும் தாறுமாறாக இருந்தது.

இந்த நிலையில் இதயத்துக்குள் நடப்பதை அவர் எளிமையாக விளக்கினார். மேலறைகளில் மின்தூண்டல் நிமிடத்துக்கு 350 முதல் 600 முறை வரை ஒழுங்கின்றிச் சுழல்வதால், அவை சுருங்கி விரிவதற்கு மாறாக வெறுமனே துடிதுடித்துக்கொண்டிருக்கின்றன. மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள கணு இந்தத் தூண்டல்களில் பெரும்பாலானவற்றைத் தடுத்து நிறுத்துவதால்தான் உயிருக்கு உடனடி ஆபத்து ஏற்படுவதில்லை. ஆனால் சுருங்காத அறையில் இரத்தம் தேங்குகிறது. குறிப்பாக, இடது மேலறையின் ஓரத்தில் கட்டைவிரல் அளவில் தொங்கும் ஒரு சிறு பையில் அது தேங்கி உறைகிறது. அந்த உறைகட்டி பெயர்ந்து இரத்த ஓட்டத்தோடு மேலே சென்றால், அது போய் அடைக்கும் இடம் பெரும்பாலும் மூளையாகிவிடுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1948இல் தொடங்கி இன்றும் நடந்துவரும் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு, இந்தத் துடிப்புக் கோளாறு பக்கவாத அபாயத்தை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குகிறது என்று கண்டது. 1991இல் வெளியான அதன் கணக்கில், 50 முதல் 59 வயதுள்ளோரின் பக்கவாதங்களில் 1.5 விழுக்காட்டுக்கே இது காரணம். 80 முதல் 89 வயதுள்ளோரிடமோ அது 23.5 விழுக்காடாக உயர்ந்துவிடுகிறது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் மலிந்த நம் தீவில், முதியவர் இருக்கும் எந்த வீடும் இதைத் தொலைவிலுள்ள செய்தியாக நினைத்துவிட முடியாது.

அரசு மருத்துவமனையில் எடுத்த பன்னிரண்டு கோண ஈ.சி.ஜி. மறுபடியும் இயல்பாகவே வந்தது. இங்கேதான் கருவி தன் விலைக்குரிய வேலையைச் செய்தது. ஒரு கோணப் பதிவானாலும், அது 30 வினாடிக்குக் குறையாமல் இருந்து, மருத்துவர் ஒருவர் அதைப் பார்த்து உறுதி செய்தால், இந்தக் கோளாறு இருப்பதாக ஏற்கலாம் என்று ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. இதயநோய் மருத்துவர் நான் அச்சிட்டுக் கொண்டுபோன பதிவுகளை வாங்கி, தாமே ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றுக்கொண்டார். கருவி 'இருக்கலாம்' என்று சொன்னதை மருத்துவர் 'இருக்கிறது' என்று சொன்ன பிறகுதான் எல்லாம் நகர்ந்தது: தைராய்டுச் சோதனை, சிறுநீரகச் சோதனை, இதயத்தின் எக்கோ. பக்கவாத அபாயத்தை மதிப்பிடும் கணக்கில், 75 வயதைக் கடந்தவர் என்பதற்கு இரண்டு, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என நான்கு புள்ளிகள் சேர்ந்ததால், இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து கட்டாயம் வேண்டும் என்று முடிவாயிற்று. கொடுக்கப்பட்டது வார்ஃபரின். இதை உட்கொள்பவரின் இரத்தம் உறையும் தன்மையை ஐ.என்.ஆர். என்ற சோதனையால் அடிக்கடி பார்த்து, அளவை 2க்கும் 3க்கும் இடையே நிறுத்த வேண்டும்.

இங்கே எங்கள் சமையலறையும் மருத்துவத்துக்குள் வந்துவிட்டது. கீரைகளில் உள்ள வைட்டமின் கே இந்த மருந்தின் வேலையைக் குறைக்கக்கூடியது. கிரியோலில் 'ப்ரெத் முரும்' என்று நம் சொல்லையே வைத்து அழைக்கப்படும் முருங்கைக்கீரை இல்லாமல் அம்மாவுக்கு வாரம் நகராது. கீரையையே நிறுத்திவிட வேண்டுமோ என்று அவர் கலங்கினார். நிறுத்தத் தேவையில்லை, ஒரு வாரம் கட்டுக்கட்டாகவும் மறுவாரம் ஒன்றுமே இல்லாமலும் உண்ணாமல், வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டால் போதும், மருந்தின் அளவை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம் என்று செவிலியர் ஒருவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கிரியோலில் சொன்னது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

இனி, இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். கருவியோடு மருந்தகத்தில் கொடுத்த ஒரு துண்டறிக்கையில், இதயத் துடிப்பை நாள்தோறும் பதிவு செய்வது மறதி நோயிலிருந்து மூளையைக் காக்கும் என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. விற்பனைப் பிரிவில் இருந்த இளைஞரும் அதையே நம்பிக்கையோடு சொன்னார். அம்மா உப்பைப் பற்றி மூன்று முறை கேட்டது மனத்தில் இருந்ததால், நான் அந்த வாசகத்துக்காகவும் சேர்த்தே பணம் கொடுத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அந்த வாசகத்தில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி இதுவரை மெய்ப்பிக்கப்படாதது.

உண்மையான பாதி இது. துடிப்பு ஒழுங்கு கெட்டவர்களுக்கு மறதி நோய் கூடுதலாக வருகிறது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வு 1997இலேயே இந்தத் தொடர்பைச் சுட்டியது. பக்கவாதம் வந்தால் நினைவு பாதிக்கப்படும் என்பது யாருக்கும் புரியும். ஆனால் பக்கவாதமே வராதவர்களிடமும் இத்தொடர்பு காணப்படுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. தென் கொரியாவில் 60 வயதைக் கடந்த 2,62,611 பேரின் பதிவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, இடையில் பக்கவாதம் வந்தவர்களை விலக்கிவிட்டுப் பார்த்தபோதும் தொடர்பு நீடிப்பதைக் காட்டியது. காரணங்களாக மருத்துவர்கள் எண்ணுபவை ஒன்றுக்கு மேற்பட்டவை. பெரிய உறைகட்டி பக்கவாதமாக வெளிப்படுகிறது. மணல் போன்ற சிறு துகள்களோ எந்த அறிகுறியும் காட்டாமல் மூளையின் சின்னஞ்சிறு பகுதிகளைச் செயலிழக்கச் செய்கின்றன. பக்கவாதமே வந்ததில்லை என்று சொல்லும் நோயாளிகளின் மூளையிலும் எம்.ஆர்.ஐ. படத்தில் இத்தகைய பழைய தழும்புகள் தெரிவதைச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இன்னொன்று இரத்த ஓட்டம். உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கைக் கேட்டு வாங்குகிறது. மேலறைகள் கைகொடுக்காதபோது ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தத்தின் அளவு கூடியும் குறைந்தும் போகிறது. நுண்ணிய குழாய்களின் வழியே குருதி பெறும் மூளையின் உட்பகுதிகள் அந்த ஏற்ற இறக்கத்தை ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டியிருக்கிறது. இவற்றோடு, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இதயத்தையும் மூளையையும் ஒரே காலத்தில் அரிப்பவை என்பதால், இரண்டு நோய்களும் ஒரே வேரில் கிளைத்தவையாகவும் இருக்கலாம்.

மெய்ப்பிக்கப்படாத பாதி, கோளாறைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் மறதி நோய் தடுக்கப்படும் என்பது. சுவீடனில் இக்கோளாறு உள்ள 4,44,106 பேரின் மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டபோது, இரத்தம் உறையாமல் காக்கும் மருந்தைத் தொடக்கத்திலேயே உட்கொண்டவர்களுக்கு மறதி நோய் 29 விழுக்காடு குறைவாக வந்திருப்பது தெரிந்தது. படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் இது பதிவேடுகளைப் பார்த்துச் சொன்னது. சீட்டுக் குலுக்கியதுபோல் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்துப் பார்த்த சோதனை அன்று. உடல் வலுவுள்ளவர்களுக்கே மருத்துவர் மருந்தைத் துணிந்து எழுதியிருக்கக்கூடும். அப்படியானால் அந்த வலுவே அவர்களுடைய நினைவைக் காத்திருக்கவும் கூடும். பக்கவாத அபாயம் குறைந்த, நடுத்தர வயதினரை அவ்வாறு இரு பிரிவாகப் பிரித்துக் கனடாவில் நடத்திய சோதனையின் முடிவு 2024இல் அறிவிக்கப்பட்டது. அதில் மருந்து உட்கொண்டவர்களுக்கும் உட்கொள்ளாதவர்களுக்கும் அறிவாற்றல் குறைவதில் வேறுபாடு தென்படவில்லை. அதே ஆண்டு மறதி நோய் பற்றி வெளியான லான்செட் மருத்துவ இதழின் ஆணைய அறிக்கை, மாற்றியமைக்கக்கூடிய அபாயக் காரணங்களாகப் பதினான்கை வரிசைப்படுத்தியது: இரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை என நீளும் அந்த வரிசையில் துடிப்புக் கோளாறு இடம் பெறவில்லை. அம்மா வார்ஃபரின் உட்கொள்வது பக்கவாதத்தைத் தடுக்க. அந்தப் பயன் உறுதியானது, அதற்காகவே அதை ஒருநாளும் தவறாமல் கொடுக்கிறோம். நினைவுக்கும் அது நன்மை செய்யுமானால் அது கூடுதல் பேறு. துண்டறிக்கை இந்த வேறுபாட்டைச் சொல்லியிருக்க வேண்டும். கலக்கத்தோடு கடைக்கு வரும் பிள்ளைகளிடம் இல்லாத உறுதியை விற்பது சரியன்று.

அம்மாவின் நினைவைப் பற்றித் தனியாகவும் பரிசோதித்தோம். கடிகாரம் வரைந்து பத்து மணி பத்து நிமிடத்தைக் காட்டச் சொல்வது, சொன்ன ஐந்து சொற்களைச் சற்று நேரம் கழித்துத் திரும்பச் சொல்லவைப்பது போன்ற சோதனை அது. முதலில் பிரெஞ்சில் கேட்டார்கள். அம்மா படித்தது தொடக்கப் பள்ளி வரைதான். வாழ்நாள் முழுவதும் அவர் பேசியது கிரியோலும் எங்களோடு கொஞ்சம் தமிழும். அன்று அவர் வாங்கிய மதிப்பெண்ணைக் கண்டு நான் உடைந்துபோனேன். இரண்டு வாரம் கழித்து வேறொருவர் அதே வகைச் சோதனையை வேறு சொற்களோடு கிரியோலில் நடத்தியபோது மதிப்பெண் கணிசமாக உயர்ந்தது. கடிகாரத்தை மட்டும் இரண்டு முறையும் தடுமாறித்தான் வரைந்தார். வீட்டில் முதியவரை இத்தகைய சோதனைக்கு அழைத்துச் செல்பவர்கள், அவர் எந்த மொழியில் சிந்திக்கிறாரோ அந்த மொழியில் கேட்கும்படி வற்புறுத்த வேண்டும். அதே வேளையில் எடுத்த இரத்தச் சோதனையில் வைட்டமின் பி12 குறைந்திருப்பது தெரிந்தது. சர்க்கரைக்காக மெட்ஃபார்மினை நெடுங்காலம் உட்கொள்பவர்களுக்கு இப்படி ஆவதுண்டாம். அதற்கு ஊசி போட்டார்கள். வலக்கண்ணில் புரையும் நீக்கப்பட்டது. இப்போது அம்மா முன்பைவிடத் தெளிவாக இருக்கிறார் என்றே வீட்டில் எல்லோரும் சொல்கிறோம். எதனால் என்று பிரித்துச் சொல்ல எங்களால் இயலாது. கருவியால் என்று சொல்லவே மாட்டேன்.

கருவியின் எல்லையைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு நாளில் 30 வினாடித் துண்டுகள் 2,880 உள்ளன. காலையும் மாலையும் பதிவு எடுப்பவர் அவற்றில் இரண்டை மட்டுமே பார்க்கிறார். சுவீடனின் இரண்டு வட்டாரங்களில் 75, 76 வயதுடையவர்களுக்கு இதைப் போன்ற கைக்கருவியைக் கொடுத்து, 14 நாள் தினம் இருமுறை பதிவு எடுக்கச் செய்து, ஏறத்தாழ ஏழு ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, பக்கவாதம், கடும் இரத்தக் கசிவு, இறப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், இதற்கு அழைக்கப்பட்டவர்களிடம், அழைக்கப்படாதவர்களைவிட அவை 4 விழுக்காடு குறைந்திருந்தன. சிறிய நன்மைதான், ஆனால் எளிய கருவியால் கிடைத்த நன்மை. அதே ஆண்டு டென்மார்க்கில் 70 முதல் 90 வயதுள்ள 6,004 பேரிடம் நடந்த சோதனையில், ஒரு பிரிவினருக்குத் தோலுக்கடியில் பதிவுக் கருவியைப் புதைத்து இடைவிடாமல் கண்காணித்தார்கள். அவர்களில் 31.8 விழுக்காட்டினருக்கும், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 12.2 விழுக்காட்டினருக்கும் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. இருந்தும் பக்கவாதம் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. கூடுதலாகத் தேடினால் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் கிடைப்பதெல்லாம் ஒரே அளவு ஆபத்தானதன்று என்பதே இதிலிருந்து நான் புரிந்துகொண்டது. இதை அறிந்த பிறகு, தினம் நான்கு முறை அம்மாவை உட்காரவைத்துக்கொண்டிருந்த என் பதற்றம் தணிந்தது.

பொய் எச்சரிக்கைகளும் உண்டு. இடையே முந்திக்கொண்டு வரும் தனித் துடிப்புகள் முதியவர்களிடம் மிகச் சாதாரணம். அவை அடுத்தடுத்து வந்தால் கருவி சில வேளை தவறாக எச்சரிக்கிறது. ஜூலையில் ஓர் இரவு பதினொரு மணிக்கு அப்படி ஓர் எச்சரிக்கை வந்து, அண்டைத் தீவான ரெயூனியனில் இருக்கும் என் தங்கை வரை எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தோம். மறுநாள் மருத்துவர் பார்த்து, ஒவ்வொரு துடிப்புக்கு முன்னும் அந்தச் சிறு மேடு தெளிவாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அதன்பின் இரவில் பதிவு எடுப்பதை நிறுத்திவிட்டோம்; மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் செய்ய வேண்டியது பதிவு எடுப்பது அன்று, மருத்துவமனைக்குச் செல்வது.

துடிப்பு மிகவும் மெதுவாகிவிடும் கோளாறுக்கு இதை நம்பவே கூடாது. என் பெரிய மாமா சில ஆண்டுகளுக்கு முன் காத்ருபோர்ன் சந்தையில் திடீரென விழுந்தார். மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்வழி முற்றிலும் தடைப்பட்டு, மூளைக்கு இரத்தம் சில வினாடி நின்றுபோனதே காரணம். நினைவிழந்து விழுபவர் விரல்களைத் தட்டின்மீது வைக்க முடியாது. அவருக்குப் பயன்பட்டது 24 மணி நேரம் உடலில் கட்டிக்கொண்டே இருக்கும் ஹோல்ட்டர் பதிவும், அதன்பின் பொருத்திய பேஸ்மேக்கரும்தான். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு இந்த வகைக் கருவிகள் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்பதையும் வாங்கும் முன் கவனிக்க வேண்டும்.

என் மனத்தாங்கல் செயலியைப் பற்றியது. பதிவு எடுப்பதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் பழைய பதிவுகளை ஒன்றாகத் தொகுத்து மருத்துவருக்கு அறிக்கையாக அனுப்ப மாதச் சந்தா கேட்கிறது. இதைப் பெட்டியின்மேல் எங்கும் அச்சிடவில்லை, கடையிலும் சொல்லவில்லை. 6,500 ரூபாய் கொடுத்தவரின் சொந்த இதயத்தின் பதிவுகளை அவருக்கே வாடகைக்கு விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நாங்கள் ஒவ்வொரு பதிவையும் எடுத்தவுடனே பி.டி.எஃப். கோப்பாகச் சேமித்து, தேதி எழுதி, தனி அடைவில் வைத்துவிடுகிறோம். தனிப் பதிவுக்கு அது இலவசம். கருவியின் உழைப்பில் குறையில்லை. நாணய வடிவ மின்கலம் இன்னும் மாற்ற வேண்டி வரவில்லை, இணைப்பு அறுந்ததில்லை, ஒருமுறை தரையில் விழுந்தும் பழுதாகவில்லை.

65 வயதைக் கடந்து, இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர் வீட்டில் இருந்தால், நாடியில் ஒழுங்கின்மை இருப்பதாக மருத்துவர் ஐயப்பட்டால், பதிவைப் பார்த்துச் சொல்ல ஒரு மருத்துவரும் எடுத்துக்கொடுக்க ஒரு பிள்ளையும் இருந்தால், இந்தக் கருவியை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். மறதிக்கு மருந்தாக இதை வாங்க நினைப்பவர், அந்தப் பணத்தில் முதலில் அம்மா அப்பாவின் காதையும் கண்ணையும் பி12 அளவையும் பார்த்துவிடலாம். நாடியை விரலால் பார்ப்பதற்குச் செலவே இல்லை: கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினால், தாளம் தப்புவது பல வேளைகளில் கைக்கே தெரிந்துவிடும்.

கடைக்குச் செல்லும்போது முதியவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் கருவியில் அவருடைய விரல்களையே வைத்து ஒரு பதிவு எடுத்துக் காட்டும்படி கேளுங்கள். ஈரத் துணியால் ஒற்றிய பிறகும் கோடு வராவிட்டால், நெஞ்சில் வைத்து எடுக்கும் வகை இருக்கிறதா என்று விசாரியுங்கள். சந்தா எதற்கெல்லாம் கேட்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் இப்போது திங்களும் வியாழனும் காலைக் காப்பிக்குப் பின் ஒரு பதிவு மட்டும் எடுக்கிறோம், அடுத்த ஐ.என்.ஆர். சோதனைக்குப் போகும்போது அம்மா அந்தப் பதிவுகளின் அச்சுப்படிகளைத் தம் கைப்பையில் தாமே எடுத்து வைத்துக்கொள்கிறார்.